ஞாயிறு உரையாடல்: மியெல்பி

நண்பர்களே, இந்த ஞாயிறு ஸ்வீடனின் மியெல்பி கால்பந்து கிளப் பற்றிப் பேசுகிறோம். 1939இல் தொடங்கிய கிளப். மைதானம் ஹெலெவிக் என்ற கடலோர மீனவ ஊரில். 2025இல் 30 ஆட்டங்களில் ஒரே தோல்வி, 75 புள்ளி, ஸ்வீடனின் உச்ச லீக்கான ஆல்ஸ்வென்ஸ்கானில் முதல் பட்டம். அருமையான சாதனை!

வருமுன் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டு வாருங்கள்.

முதலாவது, ஸ்வீடன் கிளப்புகளுக்கான 51 விழுக்காடு விதி. முதலீட்டாளர் வந்தாலும் வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்கும். ஆண்டுக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. சீசன் டிக்கெட்டையும் உறுப்பினர் சந்தாவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாக்கு சந்தா கட்டியவருக்குத்தான்.

அடுத்தது லோக் மானியம். சின்ன ஊர்க் கிளப்புகள் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்த அரசு தரும் பணம். 7 முதல் 25 வயதுக்குள் குறைந்தது 3 பேர், ஒரு பொறுப்பாளர், 60 நிமிடம் இருந்தால் ஓர் அமர்வு கணக்கில் சேரும். விண்ணப்பக் கெடு பிப்ரவரி 25, ஆகஸ்ட் 25. பயிற்சி முடிந்த கையோடு வருகையைப் பதிய வேண்டும். இதில்தான் கோட்டை விடுகிறார்கள்: பயிற்சி நடந்திருக்கும், பதிவு இருக்காது, பணமும் வராது. பயிற்சியாளர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத பெற்றோர்கள் என்பதால் இந்தப் பொறுப்பை ஒருவரிடம் தனியாக ஒப்படைப்பதே நல்லது.

கேள்விகளைச் சனிக்கிழமைக்குள் இங்கேயே போடுங்கள்.