உங்கள் விசா ஸ்டாம்பிங் சேவை குறித்த புகார்: தவறான பெட்டிஷன் எண், அதைவிடத் தவறான ஆலோசனை

2024 நவம்பர் 12
நோவை, மிச்சிகன்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பரில் 349 டாலர் கட்டி, டொராண்டோ அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எச்-1பி வேலை விசா ஸ்டாம்பிங்குக்கு (பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்குவதற்கு) உங்களிடம் உதவி கேட்டவன் நான். தமிழில் பேசும் ஆலோசகர் உண்டு என்று நீங்கள் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வந்தேன், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய பயணம் 28 நாள் இழுத்துவிட்டது. 14 வேலைநாள் சம்பளம் போனது, தீபாவளிக்கு வீட்டில் இல்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கிறேன், ஆனால் அதற்காக மட்டும் இதை எழுதவில்லை. உங்கள் ஆலோசகர் என்னிடம் சொன்னதையே வேறு யாரிடமாவது சொல்லி, அவரும் நம்பி எல்லைக்குப் போய் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

என் விவரம் உங்களிடம் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். 2019-ல் சென்னையில் வாங்கிய விசா 2022-ல் முடிந்தது. நடுவில் வேலை மாறினேன், புது நிறுவனத்தின் ஐ-797 (என்னை வேலைக்கு வைக்க நிறுவனம் போட்ட பெட்டிஷன், அதாவது மனு, ஏற்கப்பட்டதற்கான தாள்) கையில் இருந்தது, அதோடு வந்த ஐ-94 (இங்கே தங்குவதற்கான அனுமதித் தாள்) 2025 செப்டம்பர் வரை செல்லும். இங்கே இருந்து வேலை பார்க்க அது போதும். ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டுமென்றால்தான் பாஸ்போர்ட்டில் விசா வேண்டும், வருகிற தையில் மதுரையில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். இந்த ஜனவரியில் அமெரிக்காவுக்குள்ளேயே விசா புதுப்பிக்கும் சோதனைத் திட்டம் வந்தபோது ஆசையாகப் பார்த்தேன். இந்தியாவில் 2021 பிப்ரவரியிலிருந்து செப்டம்பருக்குள் விசா வாங்கியவர்களுக்குத்தான் அது என்றார்கள். நேர்காணல் இல்லாமல் தாள்களை மட்டும் கொடுக்கும் சென்னை டிராப்பாக்ஸ் தேதியும் எனக்குக் கிடைக்கிற விடுப்புக்குள் அமையவில்லை. சரி, டொராண்டோ காரிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். கனடா விசாவுக்கு 100, பயோமெட்ரிக்ஸுக்கு 85 கனடா டாலர் கட்டி அதை நானே வாங்கிக்கொண்டேன். அமெரிக்க விசாக் கட்டணம் 205 டாலரும் நானே கட்டினேன். உங்களிடம் விட்டது டி.எஸ்.160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தையும் தேதி பிடிப்பதையும் மட்டும்தான்.

அக்டோபர் 9 அம்பாசிடர் பாலம் வழியாக விண்ட்சர் போய், அங்கிருந்து டொராண்டோ போனேன். மறுநாள் காலை நேர்காணல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் ஐ-797-ஐயும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தாளில் இருந்த எண் ஐ.ஓ.ஈ என்று தொடங்குகிறது, படிவத்தில் டபிள்யூ.ஏ.சி என்று தொடங்கும் எண் இருந்திருக்கிறது. அது என் பழைய நிறுவனத்தின் பெட்டிஷன் எண். நீங்கள் கேட்டதால் இரண்டு ஐ-797-களையும் அனுப்பியிருந்தேன், எது பழையது எது புதியது என்று மின்னஞ்சலிலேயே எழுதியும் இருந்தேன். அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, 221(ஜி) தாளை (குறை தீரும் வரை விசா மறுக்கப்படுகிறது என்ற தாள்) நீட்டி, சரியான எண்ணோடு புதுப் படிவம் அனுப்பச் சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நிதானமாகத்தான் பேசினார்.

அனுப்புவதற்கு முன்பு நீங்கள் சரிபார்த்திருக்கலாமே என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் கேட்டார். எதை வைத்துச் சரிபார்ப்பது? நீங்கள் எனக்கு அனுப்பியது பார்கோடு போட்ட உறுதிப்படுத்தல் பக்கம் ஒன்றுதான். அதில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் வரும், பெட்டிஷன் எண் வராது. முழுப் படிவத்தின் நகலை இரண்டு முறை கேட்டேன், வரவில்லை.

புதுப் படிவம் அனுப்புவதற்கு முன் பழையதில் வேறு என்ன தவறு இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அதைத் திறக்க விண்ணப்ப எண்ணோடு பாதுகாப்புக் கேள்விக்கான பதிலும் வேண்டும், அந்தப் பதில் உங்கள் ஊழியர் வைத்தது. வியாழன் மதியம் கேட்டேன், செவ்வாய் காலைதான் வந்தது. திங்கள்கிழமை விடுமுறை என்பது எனக்கும் தெரியும், வெள்ளிக்கிழமை என்ன ஆனது? திறந்து பார்த்தால், இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதி கூறி என் பெயரில் கையொப்பப் பொத்தானையும் நீங்களே அழுத்தியிருக்கிறீர்கள். யார் உதவியிருந்தாலும் அந்தப் பொத்தானை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும். எண் மாறியதைக் கைத்தவறு என்று விட்டுவிடலாம், இது அப்படியில்லை. என் வாயில் பொய்யை வைத்து அதற்கு என் கையொப்பத்தையும் நீங்களே போட்டிருக்கிறீர்கள்.

அன்று இரவு புதுப் படிவத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன். ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டு பேஸ்மெண்டில் நாளுக்கு 60 கனடா டாலருக்குத் தங்கியிருந்தேன். ஒவ்வொரு எண்ணையும் நான் வாசிக்க, அக்கா தாளைப் பார்த்து ‘ஓம், சரி’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தச் சரிபார்ப்புக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் 349 டாலர் கொடுத்தது அந்த முக்கால் மணி நேர வேலைக்குத்தான்.

அப்புறம்தான் பெரிய விஷயம். அக்டோபர் 21, நிலவரம் பார்க்கும் தளத்தில் இன்னும் ‘மறுக்கப்பட்டது’ என்றே இருந்தது. மனசு கேட்காமல் உங்களைக் கூப்பிட்டேன். உங்கள் ஆலோசகர் சொன்னது இது: “சார், உங்க ஐ-94 அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு. கனடாவுல முப்பது நாள் தாண்டலையே, அப்புறம் என்ன? ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்ல பாலம் வழியா வந்துடுங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க.” பாஸ்போர்ட் கையில் இருந்தது, கார் வாசலில் நின்றது. பையைக் கட்டிவிட்டேன். கிளம்புவதற்கு முன் எதற்கும் கேட்டுவிடலாம் என்று எங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு ஒரு செய்தி போட்டேன், பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டு ‘போகாதீர்கள்’ என்றார்.

கனடாவிலோ மெக்ஸிகோவிலோ 30 நாளுக்குள் இருந்துவிட்டு, முடிந்துபோன விசாவோடும் செல்லுபடியாகும் ஐ-94-ஓடும் திரும்ப அனுமதிக்கும் இந்த ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே போய்ப் புது விசாவுக்கு விண்ணப்பித்து, அது நிலுவையில் இருந்தாலோ மறுக்கப்பட்டிருந்தாலோ அந்த விதி உதவாது. 2002-லிருந்தே அப்படித்தான். ஸ்டாம்பிங்குக்குப் போகிற எவரும் விண்ணப்பித்த பிறகு இந்த வழியை நம்பவே முடியாது. ஸ்டாம்பிங் உதவியையே தொழிலாகச் செய்கிற நீங்கள் இதைத் தெரியாமல் எப்படிச் சொன்னீர்கள்? உங்கள் தளத்தின் கேள்வி-பதில் பகுதியில் ‘தாமதமானால் 30 நாளுக்குள் ஐ-94-ஐக் காட்டித் திரும்பலாம்’ என்று நேற்று வரை அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

எங்கள் நிறுவனத்து மடிக்கணினியை நாட்டுக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது, அதனால் அங்கிருந்து வேலை பார்க்கவும் வழியில்லை. தீபாவளி அன்று ஹாலோவீனும் சேர்ந்து வந்தது. என் ஆறு வயது மகள் பட்டுப்பாவாடைக்கு மேலே பட்டாம்பூச்சி இறக்கையைக் கட்டிக்கொண்டு வீடியோவில் வந்து, “அப்பா, அந்த ஆபீஸ்ல இன்னும் உன் புக்கைத் தேடிக்கிட்டு இருக்காங்களா?” என்று கேட்டாள். பாஸ்போர்ட்டைத்தான் புக் என்கிறாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை, அக்கா தொலைபேசியை வாங்கிப் பேசினார். நவம்பர் 5 விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தது, அன்று மாலையே கிளம்பி வந்துவிட்டேன்.

சேவைக் கட்டணம் 349 டாலர் முழுவதும் எனக்குத் திரும்ப வேண்டும். திட்டமிட்டதற்கு மேல் தங்கிய 20 இரவுக்கு 1,200 கனடா டாலரும் வேண்டும், ரசீது இணைத்திருக்கிறேன். போன சம்பளத்தை உங்களிடம் கேட்கவில்லை. தளத்தில் இருக்கும் அந்த வரியை இன்றே எடுங்கள், உங்கள் மூலம் தேதி வாங்கிக் கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ போகவிருக்கும் ஒவ்வொருவருக்கும் சரியான விதியை எழுதி அனுப்புங்கள். முழுப் படிவத்தைக் காட்டாமல் இனி யார் பெயரிலும் கையொப்பப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் மிச்சிகன் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் புகார் பதிவு செய்வேன், கார்டு வங்கியிலும் கட்டணத்தை மறுத்து எழுதுவேன். தொலைபேசியில் சமாதானம் வேண்டாம், பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: 221(ஜி) தாள், இரண்டு டி.எஸ்.160 படிவங்கள், ஐ-797 பற்றிய என் மின்னஞ்சல், உங்கள் கேள்வி-பதில் பக்கத்தின் படம், தங்கும் ரசீது