இரணியலுக்குப் பனிமலை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரயிலும் ஸ்டேஷனுமாகச் சிறிய வடிவில் மாதிரி ரயில் கட்டுவது பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் லட்சக்கணக்கில் செலவாகும், வீடும் மரமும் பனிமலையும் ஜெர்மனியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று அதில் இருந்ததைப் பார்த்துவிட்டு, என் கடைப் பையன் "அப்ப நமக்கு ஆகாது அண்ணாச்சி" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டான். அவனுக்காகவும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வீட்டு மாடியில் எட்டுக்கு நாலடி பிளைவுட் பலகையில் 1981-ஆம் வருஷத்து இரணியல் ஸ்டேஷன் இருக்கிறது. 87-இல் ஒரு பங்கு அளவு. இஞ்சின், பெட்டி, தண்டவாளம் மூன்றுக்கும் காசு ஆகும், மறுக்கவில்லை. மற்றதெல்லாம் நம் விளையிலும் அடுக்களையிலும் கிடப்பவை.

இரணியல் தாண்டிக் குழித்துறைப் பக்கம் போனால் பல இடங்களில் ரயில் செம்மண் வெட்டுக்குள்ளேதான் போகும். அந்த நிறம் டப்பா பெயிண்டில் வராது. மண்ணையே எடுத்து, காயவைத்து, பழைய நைலான் சேலையில் சலித்துத் தூவ வேண்டும். தூவுவதற்கு முன் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மண்ணுக்குள் ஓட்டிப் பாருங்கள், மீசை முளைத்த மாதிரி துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதை அப்படியே விட்டால் இஞ்சினுக்குள் இருக்கிற குட்டி மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், அப்புறம் மோட்டார் சுற்றாது. கடற்கரை செய்கிறேன் என்று மணவாளக்குறிச்சிக் கருமணலை அள்ளிவர யாரும் நினைக்கவே வேண்டாம். அதிலுள்ள இல்மனைட் என்ற கனிமமும் நல்ல காந்தத்துக்கு அசையும், மோனசைட் என்ற இன்னொரு கனிமத்தில் கதிரியக்கமுள்ள தோரியம் வேறு இருக்கிறது. அது அங்கேயே கிடக்கட்டும்.

ஜல்லிக்குப் பாறைப்பொடி. நிஜத் தண்டவாளத்தின் அடியில் கிடப்பது பெரும்பாலும் 65 மில்லிமீட்டருக்கு மேல் போகாத கல், நம் அளவில் முக்கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். டீ வடிகட்டியில் சலித்தாலே அந்தப் பதம் கிடைக்கும். பரப்பிவிட்டு, ஃபெவிக்காலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து இங்க் ஃபில்லரால் விட வேண்டும். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காது, முத்து முத்தாக உருண்டு கல்லையும் தள்ளிக்கொண்டு போகும்.

தென்னைக்கு எரிந்துபோன மோட்டாரில் அவிழ்த்த செம்புக் கம்பி. ஒரு கற்றையை முறுக்கினால் தடி, நுனியைப் பிரித்து விரித்தால் ஓலை மட்டை. உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. 20 மீட்டர் தென்னை என்றால் இங்கே 23 சென்டிமீட்டர் நிற்க வேண்டும், பலர் வைப்பதில் பாதிகூட இருப்பதில்லை. புல்லுக்குச் சாயம் போட்ட தேங்காய்த் தும்புத் தூள். வாழை இலையைப் பச்சைத் தாளில் வெட்டியபின் ஓரத்தைக் கிழித்துவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றைப் பார்த்தவர் எவரும் கிழியாத வாழை இலையை நம்ப மாட்டார். ரப்பர் மரத்தில் சாய்வாக ஒரு கீறல் போட்டு, பாதியாக உடைத்த கடுகை ஒட்டினால் பால் வடிகிற சிரட்டை.

பார்க்க வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது "மாமா, காத்தாடி எங்க?" முப்பந்தல் காற்றாலைகள் 1981-இல் கிடையாது. மின்கம்பியும் அப்போது இல்லை, டீசல் இஞ்சின்தான். பெட்டிகள் நீலம் அல்ல, காவிச் சிவப்பு. விவரம் தெரிந்த பெரியவர்கள் வேறொன்றைப் பிடிக்கிறார்கள்: தண்டவாளம் ஒடுக்கமாக இருக்கிறதே என்று. உண்மைதான். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதை, ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கானது. நம் அகலப் பாதை 1,676. அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். கையாலேயே பாதை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கடை நடத்திக்கொண்டு எனக்கு அது முடியாது. மலையையும் வாழையையும் பார்த்துவிட்டுப் பாதையின் அகலத்தை அளக்கிறவரிடம் நான் வாதாடுவதும் இல்லை.

சரி, வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல்தான். நாகர்கோவில் – திருநெல்வேலி பாதை 1981-இல். இப்போது இரட்டைப் பாதை வேலையில் பழைய அடையாளங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. அந்த வருஷங்களில் இரணியல் ஸ்டேஷனில் நின்று எடுத்த கல்யாண, வழியனுப்பும் படங்கள் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருக்கும். படத்தைத் தர வேண்டாம், செல்போனில் ஒரு நகல் எடுத்து இந்தப் பத்திரிகை அலுவலக முகவரிக்கு அனுப்பினால் போதும், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளை, பெண் முகம் தெரியாத படமானாலும் பரவாயில்லை, பின்னால் இருக்கிற பெஞ்சும் சுவரும்தான் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் கடைக்காரர்,
தக்கலை