என் கையால் அழித்த படங்கள்

அன்புள்ள முக்காலிக்கு,

உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஏழு மாதங்களைக் கடத்திவிட்டேன். இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. இருட்டறை அண்ணனைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல். ஆனால் கீழே எழுதப்போகும் செய்தியை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. அதை நானே நேரில் வந்து சொல்ல வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு முன்பு, மாலை வெயில் சாய்ந்த நேரத்தில், நடைபாதையில் பொருள் விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவரைக் காவலர்கள் நான்கு பேர் அப்புறப்படுத்துவதைக் கண்டேன். சாலையின் எதிர்ப்புறத்தில், எவருக்கும் இடையூறில்லாமல் நின்று நாற்பது படங்கள் எடுத்தேன். கூடை கவிழ்ந்தது, அவர் குனிந்தது, ஒரு காவலரின் கை அவர் தோளைப் பற்றி இழுத்தது என அனைத்தும் பதிவாகியிருந்தன. பிறகு அவர்களில் ஒருவர் சாலையைக் கடந்து வந்து, "யாரைக் கேட்டு எடுக்கிறாய்? எல்லாவற்றையும் அழி, இல்லையென்றால் கேமரா ஸ்டேஷனுக்கு வரும்" என்றார். முப்பது ஆண்டுகளாகக் கேமராவைத் தோளில் சுமந்த நான், எந்தச் சட்டத்தின்படி என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் என் கேமராவைத் தொடவே இல்லை. எல்லாப் படங்களையும் அழித்தது என் கட்டைவிரல்தான்.

அத்தோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருப்பேனோ என்னவோ. சென்ற வாரம் அந்த முதியவரின் வழக்கறிஞர் என்னைத் தேடி வந்தார். காவலரைத் தாக்கிப் பணியைத் தடுத்ததாக முதியவர்மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவர் கையை ஓங்கவே இல்லை என்பதை நான் கண்ணால் கண்டேன், படமாகவும் எடுத்தேன், பிறகு அழித்தேன். அன்றிரவிலிருந்து எனக்குச் சரியான உறக்கமில்லை.

உறங்காத நேரத்தில் படித்தவற்றை உனக்குச் சொல்கிறேன், ஏனெனில் இவற்றில் எதுவும் எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில், 2010-இல், தன் தோழியைக் காவலர்கள் கைது செய்ததைக் கைப்பேசியில் பதிவு செய்தவரிடமிருந்து கருவியை வாங்கி, அந்தப் பதிவோடு அவருடைய மகனின் வீடியோக்களையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். அந்த வழக்கில் 2012-இல் அந்நாட்டு மத்திய அரசின் நீதி அமைச்சகமே தலையிட்டு, பொது இடத்தில் கடமையாற்றும் காவலரைப் பதிவு செய்வது அரசமைப்பு பாதுகாக்கும் உரிமை என்றும், எந்தச் சூழலிலும் காவலர்கள் பதிவுகளை அழிக்கக் கூடாது என்றும் எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டு, பாஸ்டன் பூங்காவில் ஒரு கைதைப் படம்பிடித்ததற்காகத் தானே கைதான ஒருவரின் வழக்கில், முதல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமை ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது என்று தீர்ப்பளித்திருந்தது. பிரிட்டனில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒருவரைச் சோதிக்கும் காவலர் அவருடைய படங்களைப் பார்க்கலாம். ஆனால் அவற்றை அழிக்க அதிகாரமில்லை என்று லண்டன் மாநகரக் காவல்துறையின் வழிகாட்டுதலே கூறுகிறது.

நாடுகள் இந்த உரிமையைச் சுருக்க முயலாமல் இல்லை. ஸ்பெயினின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதி பெறாமல், அவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வகையில் காவலர்களின் படங்களைப் பயன்படுத்துவோருக்கு முப்பதாயிரம் யூரோ வரை அபராதம் விதிக்க இடமளித்தது. 2020-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், முன்அனுமதி வேண்டும் என்ற பகுதியைச் செல்லாததாக்கியது. பிரான்சில், தீங்கு செய்யும் நோக்கில் காவலர்களை அடையாளம் காணத் தூண்டுவதைக் குற்றமாக்க முயன்ற பிரிவை 2021 மே மாதம் அரசமைப்பு மன்றம் நீக்கியது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் காவலர்களே ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. காவலரின் சொல்லுக்குக் கேமரா சாட்சியாக இருக்க வேண்டும் என்று சட்டமே கருதும்போது, அதே காட்சியைத் தெருவில் நின்று பதிவு செய்பவனை மட்டும் குற்றவாளியாகப் பார்ப்பது எப்படி நியாயமாகும்?

எல்லா இடத்திலும் எப்படியும் எடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தனியார் வளாகத்தில் உரிமையாளர் வைத்ததே விதி. ராணுவ இடங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. விலகி நில் என்று காவலர் சொல்வதற்கு உண்மையான காரணம் இருந்தால் விலகித்தான் நிற்க வேண்டும். விலகி நின்றபடியே எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதை மட்டும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்தக் காவலர் என் கேமராவைப் பறிமுதல் செய்திருந்தால் அந்தப் படங்கள் பிழைத்திருக்கும். பட்டியலோடும் ரசீதோடும் பறிமுதலான பொருளுக்கு யாரேனும் பதில் சொல்லியாக வேண்டும். அதில் உள்ளதைப் பின்னாளில் ஒருவர் அழித்தால் அது சாட்சியத்தை அழித்த குற்றமாகும். நானே அழித்ததற்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அழி என்ற கட்டளையிலேயே முரண்பாடு இருக்கிறது, பார்: அந்தப் படங்கள் குற்றத்துக்குச் சான்று என்றால் அவற்றை அழிக்கச் சொல்லக் கூடாது, சான்று இல்லையென்றால் கேமராவை எடுத்துச்செல்லக் காரணமே இல்லை. "ஐயா, நான் அழிக்க மாட்டேன். பறிமுதல் செய்வதானால் எந்தப் பிரிவின்படி என்று எழுதி ரசீது கொடுங்கள். இல்லையென்றால் நான் போகலாமா?" இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. குரலை உயர்த்தாமல், கைகளை அவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, அவருடைய பெயர்ப்பட்டையை மனத்தில் பதித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்பவர்கள் அடிபடுவதும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதனால் இதை இளையவர்களுக்குச் சொல்லும்போது, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் கேமராவை விட்டுவிடுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு அன்று அப்படி ஓர் ஆபத்து இல்லை. பயம் மட்டுமே இருந்தது.

இன்னொன்றையும் செய்துவிட்டேன். அழித்த படம் உடனே மறைந்துவிடுவதில்லை, மெமரி கார்டில் அதன் இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, மேலே புதிது எழுதப்படும்வரை பழையது கிடக்கிறது என்று நீதான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். நான்தான் உன்னை வகுப்பெடுக்கிறாய் என்று கேலி செய்வேன். அன்று மனம் கொதித்து, காவலர்கள் போன பிறகு, நசுங்கிக் கிடந்த கூடையை ஒன்பது படங்கள் எடுத்தேன். அந்த ஒன்பதும் பழையவற்றின்மீதே எழுதப்பட்டுவிட்டன. மீட்பு மென்பொருளைக் கொண்டு முப்பத்தொரு படங்களை எடுத்துவிட்டேன். அந்தக் கை தோளைப் பற்றும் நேரத்துப் படங்கள் அவற்றில் இல்லை.

மூல மெமரி கார்டில் புதிதாக எதுவும் எழுதப்படாதபடி அதன் பூட்டைத் தள்ளி, உறையிலிட்டு, தேதியும் கையெழுத்தும் போட்டு வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டேன். அதன் முழு நகல் இந்தக் கடிதத்தோடு உள்ள பென் டிரைவில் இருக்கிறது. ரா கோப்புக்குள், அதாவது கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்புக்குள், சிறிய முன்னோட்டப் படம் ஒன்று பொதிந்திருக்கும், கோப்பின் ஒரு பகுதி சிதைந்தாலும் அது சில வேளைகளில் தப்பிவிடும் என்று நீ முன்பு சொன்னது நினைவிருக்கிறது. இருபத்து மூன்றாம் படத்திலிருந்து தேடிப் பார். எவ்வளவு சிறியதாக, எவ்வளவு மங்கலாகக் கிடைத்தாலும் போதும். அந்த முதியவரின் இரண்டு கைகளும் தெரிந்தால் போதும். வழக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு வருகிறது.

உன் அன்பு நண்பன்