டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீரியல் பெண்களைக் கெடுக்கிறது என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் யார் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாரோ தெரியாது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முப்பது வருஷம் பருப்புத் தோல் உரித்தவள். ராத்திரி டிவியில் ஓடியதை மறுநாள் காலை அங்கே பெண்கள் பிரித்து மேய்வார்கள், மருமகள் எதிர்த்துப் பேசியது சரியா என்று ஆரம்பிக்கிற பேச்சு, யார் வீட்டில் யாருக்குப் பங்கு கொடுக்கவில்லை என்பதில் போய் நிற்கும். சொந்த மாமியாரைச் சொல்ல முடியாதவர்கள் டிவி மாமியார் பேரில் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் கேரளப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, ஆனால் மார்த்தாண்டம் பக்கம் ரிமோட் இன்னும் ரெண்டு மாநிலத்துக்கும் போய்வருகிறது. விஜய் டிவியில் 2018இல் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’தான் 2020இல் மலையாள சேனலான ஏஷியாநெட்டில் ‘சாந்த்வனம்’ ஆனது. அதே கடை, அதே அண்ணன் தம்பிகள். அம்மா ரெண்டையும் பார்த்தாள். கதைதான் தெரியுமே, பிறகு என்னத்துக்கு என்று கேட்டால், “இங்க அண்ணி இதுக்கு அழுதா, அங்க அவ என்ன செய்யான்னு பாக்க வேண்டாமா மக்களே” என்றாள். கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்கிற கூட்டம் மட்டும் கதை தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது?

டிஆர்பி கணக்கு எடுப்பது எப்படி என்றால், தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவியோடு மீட்டரை வைத்து, பார்க்கிறவர்கள் அவரவர் பட்டனை அழுத்த வேண்டும். அம்மா வில்லியைப் பார்த்து “சவமே, உருப்படுவியா” என்று திட்டுவது எந்தப் பட்டனில் ஏறும்? பார்த்தார் என்று மட்டும் ஏறும். உடனே சேனல்காரர், மக்களுக்கு இதுதான் பிடிக்கிறது என்று பாலில் விஷம் கலக்குகிற காட்சியை ஒரு வாரத்துக்கு இழுப்பார். அந்த இழுவை எனக்கும் எரிச்சல்தான், அதைத் திட்டி எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சரி, போன மாதம் ஒரு மழை நாளில் கரெக்டாக எட்டரைக்குக் கரண்ட் போனது. அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நடையில் போய் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று அந்த அக்காவோடு ஒரு மணி நேரம் பேசி முடிவே கட்டிவிட்டாள். மறுநாள் பார்த்தால் கதை வேறு பக்கம் போயிருந்தது. “டைரக்டருக்கு விவரம் பத்தாது” என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

ஒரு வாசகி,
மார்த்தாண்டம்