மாடு வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டம் இந்த வருடம் 9 தடவை நடந்தது. மாட்டுப்பொங்கலைக் கோயில் முன்றலில் வழக்கம்போல் வைத்தோம். கால் வாய் நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று.

பனிக்காலத் தீவனமாக எள்ளுப் புண்ணாக்கு இறக்கிய விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைத் தொடங்கியது நான். பேச்சு வாங்கியதும் நான்தான்.

தை, மாசியில் பனி விழுந்து புல் காய்ந்துவிடுகிறது. காய்ந்த புல்லில் புரதம் மிகவும் குறைவு. மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குப் புரதம் போதாவிட்டால் புல் அப்படியே தங்கிப்போகும். பிறகு முன்னால் எவ்வளவு போட்டாலும் மாடு தின்னாது, மெலியும். நாம் வாங்கும் தேங்காய்ப் புண்ணாக்கில் 100க்கு 20 அளவில்தான் புரதம். எள்ளுப் புண்ணாக்கில் 40 அளவில் இருக்கிறது. புரதக் கணக்கில் ஒரு கிலோ எள்ளுப் புண்ணாக்கு, இரண்டு கிலோ தேங்காய்ப் புண்ணாக்குக்குச் சமம். மூட்டை விலையை மட்டும் பார்த்து “செயலாளர் விலை கூடின சாமானை இறக்கிவிட்டார்” என்றவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். சோயா இன்னும் நல்லதுதான். ஆனால் கப்பலை நம்பியிருக்கும் தீவனம் 2022இல் என்ன விலைக்குப் போனது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கையும் யோசித்தோம். அதிலுள்ள நச்சுப்பொருள் கன்றுகளுக்கு ஆகாது என்பதால் விட்டுவிட்டோம்.

எள்ளு கொடுப்பவர்கள் தாது உப்பையும் சேர்த்துக் கொடுங்கள். எள்ளுத் தோலில் இருக்கும் ஒரு பொருள் கல்சியத்தை உடம்பில் சேரவிடாது. என் சினைமாடு மெலியாமல் கன்று போட்டது. ஒரு மாட்டை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். ஆனாலும் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உங்களிடம் துணிந்து சொல்கிறேன்.

ஆடி மழையில் வந்த 4 மூட்டைகளின் அடியில் பூசணம் பிடித்திருந்தது உண்மை. பூசண நஞ்சு பாலிலும் இறங்கும் என்பதால் ஒரு பிடிகூட யாருக்கும் கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன். லொறிக் கூலி என் கையிலிருந்து போனது. அதைச் சங்கக் கணக்கில் எழுதவில்லை. இதையெல்லாம் விளக்கத்தான் கால்நடை வைத்தியரை அழைத்தோம். அங்கத்தவர்கள் 46 பேரில் வந்தவர்கள் 11 பேர். நாம் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில்தான் கூட்டம், அன்று மழையும் இல்லை.

சந்தா கட்டியவர்கள் 19 பேர். கடனுக்குப் புண்ணாக்கு எடுத்தவர்கள் அதைவிட அதிகம். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விபரம் பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவருக்கும், கால்நடை வைத்தியருக்கும், மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி.

அடுத்த வருடம் இந்தப் பொறுப்பை யார் எடுத்தாலும் சரி, பனிக்காலத்துக்கு வேண்டிய எள்ளுப் புண்ணாக்குக்குக் கார்த்திகையிலேயே முன்பணம் கட்டியாக வேண்டும். இப்போது இருக்கும் பணத்துக்கு 6 மூட்டைகூட வராது. நிலுவை வந்து சேர்ந்தால், சந்தா கட்டிய வீடுகளுக்கு முதலில் இறக்கலாம் என்று நிர்வாகம் எண்ணியிருக்கிறது. ரசீதுப் புத்தகம் இன்று மாலை வரை வாசல் மேசையில் இருக்கும்.