மறுப்பதற்கு முன் ஒருமுறை கார்கானாவுக்கு வாருங்கள்

மும்பையில் சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் வங்கி மேலாளர்களுக்கு,

வணக்கம். தாராவியில் தோல் பையும் பர்ஸும் தைக்கிற சின்னக் கார்கானா (பட்டறை) என்னுடையது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஆறு மெஷின், எட்டுப் பேர். தீபாவளி கிஃப்ட் ஆர்டருக்குத் தோல் வாங்க, போன ஆடியில் ஒரு வங்கியில் 8 லட்சம் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, "சிஸ்டத்தில் ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்றார்கள். காரணம் கிளையில் யாருக்கும் தெரியவில்லை. கோப்பு வேறொரு அலுவலகத்துக்குப் போய் அங்கேயே முடிந்துவிட்டதாம். அந்த மூன்று வாரத்தில் ஒருவரும் என் கார்கானாப் படி ஏறவில்லை.

அதே ஆர்டருக்குச் சென்னை பெரியமேட்டுத் தோல் வியாபாரி ஒருவர் போனில் பேசியே சரக்கு அனுப்பினார். அவர் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. முதல் தடவை ரொக்கத்துக்குத்தான் கொடுத்தார். அடுத்த தடவை பாதிக் கடன். மும்பை வரும்போதெல்லாம் நேரில் வந்து, வெட்டும்போது எவ்வளவு தோல் வீணாகிறது, தைப்பவர்கள் பழைய ஆட்கள்தானா என்று பார்ப்பார். ஒரு வருஷம் என் பணம் நாற்பது நாள் தாமதமானது. அவர் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுத்தேன். என்றைக்கு எவ்வளவு தருவேன் என்று சொல்லி, சொன்னபடி கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கடன் அளவைக் கூட்டினார். வங்கிக் கடனில் இப்படி நாற்பது நாள் தாமதமானால், கடனைத் திருப்பிக் கட்டிய விதத்தைப் பார்த்து 300-லிருந்து 900-க்குள் போடும் சிபில் மதிப்பெண்ணில் அது ஏறும். போனை எடுத்துப் பதில் சொன்னது ஏறாது.

தாமதம் ஏன் வருகிறது என்றும் கேளுங்கள். சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது என்பது 2006 சட்டம். எங்கள் பெரிய பார்ட்டி 90 நாள் இழுக்கிறார். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது.

பிணையம் கேட்கிறீர்கள். நான் இருப்பது 11 மாத வாடகை ஒப்பந்தத்தில். பத்திரத்துக்கு எங்கே போவேன்? குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட கடன்களுக்கு உத்தரவாதம் தரவே மத்திய அரசும் சிட்பி என்ற சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் 2000-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தன.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்து, சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் கடன் வாங்கி, ஒரு தவணைகூடக் கட்டாமல் ஊருக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நானே சில வருஷம் பாதி விற்பனையைப் பில் போடாமல் செய்தேன். அது தவறு. இப்போது எல்லாம் ஜிஎஸ்டி பில்தான். எங்களைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தை நேரில் வந்து தீர்த்துக்கொள்ளுங்கள்.

8 லட்சம் தர மனமில்லையா, 2 லட்சம் கொடுத்து ஒரு சீசன் பாருங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதியே அதைச் சொல்கிறது. மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போகும்போது, எங்களைப் பற்றித் தெரிந்துகொண்டதை அடுத்து வருபவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

ஞாயிறு தவிர எந்த நாளும் காலை பத்து மணிக்கு மேல் கார்கானா திறந்திருக்கும். ஆர்டர் நோட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பெரியமேட்டுக் கணக்கு மூன்றையும் மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தாராவித் தோல் தொழில்காரன் ஒருவன்