ஏற்காட்டில் இருக்கும் மகளுக்கு: பழைய கல்லூரிப் படங்கள் பற்றி

அன்புள்ள கண்ணு,

ஆண்டுவிழாக் கண்காட்சிக்காக உங்கள் கல்லூரியின் பழைய கட்டடப் படங்களையும் விளையாட்டு அணிப் படங்களையும் உன் பொறுப்பில் விட்டிருப்பதாக அம்மா சொன்னாள். பெட்டியைத் திறந்த கையோடு எதையும் துடைக்காதே, ஒட்டாதே, சட்டத்திலிருந்து கழற்றாதே. படம், அது ஒட்டியிருக்கும் அட்டை, பின்பக்கத்துக் கையெழுத்து, ஸ்டுடியோ முத்திரை எல்லாம் சேர்ந்துதான் ஓர் ஆவணம். இருக்கிறபடியே முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துவிடு. 600 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாமல், விவரம் இழக்காத டிஃப் கோப்பாக வை. ஜேபெக் பிரதி, மற்றவர்களுக்கு அனுப்ப மட்டும்.

மலையில் உனக்கு முதல் எதிரி ஈரம்தான். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். கருப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். பூசணத்துக்கு அதுவே தீனி. பூசணம் தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் பதத்துக்கு வந்துவிடும். ஈரத்துணி பட்டால் முகமே துணியோடு வந்துவிடுவது அதனால்தான். அந்தப் படங்களைத் தனியே பிரித்து, காற்றோட்டமான நிழலில் நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடு. மூடுபனி நாளில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படமும் சில இருக்கும். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் காய்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது அது. பிளேடு விட்டு நெம்பினால் படம் போச்சு. கண்ணாடியோடு சேர்த்தே கேமராவில் எடு: இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, பிரதிபலிப்பு விழாமல் கேமராவுக்குப் பின்னால் கருப்புத் துணி.

கண்ணாடி நெகட்டிவ் கிடைத்தால் படுக்கவைத்து அடுக்காதே. அடியில் இருப்பது பாரத்தில் விரிசல் விட்டுவிடும். தனித்தனிக் காகித உறையில் போட்டு, நீளப்பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வை. பளபளக்கும் பக்கம் கண்ணாடி, மங்கலான பக்கம் படம். அந்த மங்கலான பக்கத்தில் விரல் படக்கூடாது.

அடுத்தது ஆண்டு கண்டுபிடிப்பது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அணிப் படத்தில் பெரும்பாலும் கரும்பலகையிலோ பந்திலோ ‘1956–57’ என்பது போல எழுதி வைத்திருப்பார்கள். அது கல்வியாண்டு, படம் ஆண்டு முடிவில், அதாவது 1957-இன் தொடக்கத்தில் எடுத்ததாகவே பெரும்பாலும் இருக்கும். பலகை இல்லையென்றால் முன்னால் வைத்திருக்கும் கேடயத்தைப் பார். அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகளில் வென்ற ஆண்டுகள் பொறித்திருக்கும். அந்த இடத்தை மட்டும் 1200 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பெரிதாக்கு. தகட்டில் படிக்க முடிகிற கடைசி ஆண்டு 1938 என்றால், படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் 1938-தான் என்று எழுதிவிடாதே. வென்ற அணியின் தகட்டைப் படம் எடுத்த பிறகு பொறிப்பதும் உண்டு. ‘1938 அல்லது அதற்குப் பின்’ என்று எழுது.

கால்பந்து அணி வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து ஏழைக் கல்லூரி என்று குறிப்பு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியிலேயே பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். பந்தில் ஷூ நாடா போலக் கோத்துக் கட்டியிருந்தால் அது பழைய தோல் பந்து. கையில் மட்டையோடு ஐந்து பேரும் கூட ஒன்றிரண்டு மாற்று ஆட்டக்காரரும் இருந்தால் டென்னிஸ் என்று அவசரப்படாதே. பூப்பந்தாட்டமாக இருக்கலாம், அதில் ஒரு பக்கம் ஐந்து பேர்.

படம் இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் சட்டைப் பொத்தானை வைத்துப் பார்த்துவிடு. ஆண்கள் சட்டையில் அவரவர் இடப்பக்கத்துத் துணி மேலே வரும். வரிசை முழுக்க மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் ‘இடமிருந்து வலம்’ பெயர் போட்டால் ஒருவர் பெயர்கூடச் சரியாக இராது.

அட்டையில் ‘சென்னைப் பல்கலைக்கழகம்’ என்று இருந்தால் சென்னையில் எடுத்தது என்று முடிவு கட்டாதே. பெரியார் பல்கலைக்கழகம் வந்ததே 1997-இல். அதற்கு முன் நம் ஊர்க் கல்லூரிகள் சென்னையின் கீழ்தான். ‘சேலம் ஜில்லா’ அணி என்றால் 1965 வரை தருமபுரி, ஓசூர்ப் பையன்களும் அதில் உண்டு. பெயர் விசாரிக்கும்போது அந்தப் பக்கமும் கேள்.

கட்டடப் படத்துக்கு வெயில் துணை செய்யும். நம் ஊர் இருக்கும் அட்சரேகையில், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குச் சுவரில் உச்சி வெயில் விழுந்து, தாழ்வாரத் தூணின் நிழல் தெற்கே போனால் படம் அந்த மாதங்களில் எடுத்தது. எது முந்தியது என்று வரிசைப்படுத்த மரத்தின் உயரத்தை மட்டும் நம்பாதே. சில்வர் ஓக்கைக் கவாத்து பண்ணிவிட்டால் பிந்தைய படத்தில் குட்டையாகத் தெரியும். கைப்பிடிச் சுவர், ஓட்டுக்கூரை, புதிதாகச் சேர்த்த தாழ்வாரம் இவற்றை ஒப்பிடு.

பெயர்களைப் படத்தின் மேல் எழுதாதே. டிரேசிங் தாளில் தலைகளை வரைந்து எண் போட்டு, பெயரைத் தனித்தாளில் எழுது. யார் சொன்னார், என்று சொன்னார் என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் வை. படத்தின் பின்னால் குறிப்பு எண் மட்டும் 2பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் விழும். 1970-களுக்குப் பிந்தைய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறை மேல் எழுதிக்கொள்.

பத்திரப்படுத்த, வாடை அடிக்கும் பிவிசி கவர் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். இரும்பு பீரோவில், வெளிச்சுவரை ஒட்டாமல், அடித்தட்டை விட்டு மேல் தட்டில் வை. கண்காட்சியில் அசலை மாட்டாதே. ஸ்கேனிலிருந்து பிரதி போட்டு மாட்டினால் போதும். முதல்வர் அசல்தான் வேண்டும் என்று கேட்டாலும் பக்குவமாக எடுத்துச் சொல்.

தூரிகை இரண்டும் டிரேசிங் தாள் ஒரு சுருளும் சனிக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். கேடயம் உள்ள படங்களின் ஸ்கேனை முதலில் அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அப்பா
சேலம்